கசிமிரோ வீட்டு வடக்குச் சுவர்

சுவரில் பூச மிதித்துக் குழைத்த சேற்றுக்குள் எலுவினா கையை விட்டாள். விரலில் சிக்கியது வைக்கோல் மட்டுமல்ல.

அவள் முகத்தில் எதையும் காட்டவில்லை.

"வைக்கோலை நல்லா அள்ளிப் போடு. அதுல குறைச்சேன்னா சுவரு வெடிச்சிரும், ஆமா," என்றான் கசிமிரோ. வைக்கோல் கட்டுகளைக் கொடுத்தவனும் அவன், காவல் நின்றவனும் அவன். வேலையைக் கெடுத்துவிடுவாளோ என்று பயம் இருக்காதா பின்னே?

எலுவினாவின் நிலம் மூன்று வருடமாகத் தரிசு என்று போன மாதம் வாய்க்கால் கூட்டத்தில் சிலுவையைத் தொட்டுச் சத்தியம் செய்தான். தரிசுக்குத் தண்ணீர் கிடையாது என்பது ஊர் வழக்கம். அவளுடைய முறைத் தண்ணீர் அவன் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்விட்டது. விளைந்து நின்ற கோதுமையை யாரோ அறுத்துக்கொண்டு போய், நிலத்தைத் தாளோடு உழுதும் போட்டுவிட்டார்கள் என்று அவள் கதறினாள். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் நிலத்தை எட்டிப் பார்த்தவர் யாருமில்லை.

சுவருக்கு மண் பூசுவது அங்கே பெண்கள் வேலை. அதில் அவளை அடிக்க ஆளில்லை. சான் மிகெல் திருநாளுக்கு ஊரே தன் வீட்டில் சாப்பிடப் போகிறதே என்று அவன் வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டான். அவளும் போனாள். சூடு சொரணை இல்லாதவள் என்று ஊர் சிரித்தது.

வைக்கோலை அவள் துளியும் குறைக்கவில்லை. தண்ணீரைத் தாராளமாக விட்டு, வெயில் படாத வடக்குச் சுவரில், தெருவைப் பார்த்தபடி தடிமனாக அப்பினாள். நாசமாய்ப் போ என்று ஒவ்வொரு கை மண்ணுக்கும் மனதுக்குள் சபித்தாள்.

திருநாளன்று சாப்பிட வந்த வாய்க்கால் தலைவர் பெலார்மினோ தெருவிலேயே நின்றுவிட்டார்.

சுவர் முளைத்திருந்தது. விடிய விடியப் பிடுங்கியும் கசிமிரோவுக்கு மாளவில்லை. திருட்டுக் கோதுமையைக் களத்தில் போட்டு அடித்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று, கதிரோடு அப்படியே மண்ணில் மறைக்கப் பார்த்திருக்கிறான்.

முளையின் அடித்தண்டு சிவப்பு. எலுவினா வீட்டு விதையைத் தவிர ஊரில் எந்தக் கோதுமையும் அப்படிச் சிவக்காது.

கசிமிரோ ஓடிவந்து மிச்ச முளையைப் பிடுங்கச் சுவரில் கையை வைத்தான்.

"கையை எடுடா," என்றார் பெலார்மினோ. "மத்தவங்களும் வந்து பாக்கட்டும்."