மேற்குச் சுவர்

கிசில்கும் பாலைவன மணலில், சுண்ணாம்புக் கோடுகளாக எங்கள் புது வீடு கிடக்கிறது. நான் அளவு நாடாவின் நுனியைப் பிடித்திருக்கிறேன். மாலை வெயில் கண்ணில் குத்துகிறது. "மேற்குல ஜன்னலே வேணாம் அக்கா. இந்த வெயில் உள்ள வந்தா வீடு தந்தூர் அடுப்புதான், ராப்பகலா ஏசி ஓடணும்," என்கிறார் வீட்டுக்கு வரைபடம் போட்ட தவ்ரோன். "பஸ் வர்ற ரோடு அந்தப் பக்கம்தானே இருக்கு," என்கிறாள் அம்மா. "நீ எட்டிப் பாத்தா பஸ் சீக்கிரம் வந்துடுமா?" என்கிறார் அப்பா. அம்மா துணி மூட்டையைப் பிரிக்கிறாள். உள்ளே, ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன அன்று அண்ணன் ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி. மிச்சம் அவன் வந்து தின்னும்வரை சுவரில் தொங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கல்லாக இறுகியிருக்கும் அதை மேற்குக் கோட்டின்மேல் வைக்கிறாள். காற்றில் சுண்ணாம்பு மெல்லப் பறக்கிறது. தவ்ரோன் குந்தி உட்கார்ந்து, ரொட்டியின் அகலத்துக்கு மட்டும் கோட்டை விரலால் அழிக்கிறார். "இவ்வளவு போதுமாக்கா?" அம்மா குனிந்து, அந்த இடைவெளிக்கு நேராகச் சாலையைப் பார்க்கிறாள். "போதும்பா. ஒரு ஆள் நடந்து வர்றது தெரிஞ்சா போதும்."