கையில் பிடித்த ஹெட்லைட்

ஏசுவடியான் தன் பைக்குக்குப் புதிதாக மாட்டிய, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பழையதைவிடப் பருமன். ஹெட்லைட்டைப் பிடிக்கும் பழைய பிராக்கெட்டுகள் அதைச் சுற்றி வாய் மூட மறுத்தன. மத்தியானம் முழுக்க அவற்றோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தபோது மகள் பெனிட்டா பின்னால் வந்து நின்று ஏதோ கேட்டாள். "அங்க தள்ளிப் போட்டி, பொறவு பேசு" என்றான், திரும்பாமலே. பொழுது அடைந்தும் பிள்ளை வீட்டுக்கு வரவில்லை.

இப்போது அவன் வண்டியை ஓட்ட, பின்னால் இருந்த மனைவி புஷ்பம் மாட்டப்படாத ஹெட்லைட்டை இரண்டு கையாலும் ஏந்தி அவன் தோளுக்கு மேலாக நீட்டியிருந்தாள். வெளிச்சம் அவள் கண் போன இடமெல்லாம் போனது. உடைமரப் புதர், பனங்கூட்டம், ஓடை.

"ரோட்டக் காட்டுட்டி, விழுந்துருவோம்."

"ரோட்டுல நின்னா இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பால்லா."

சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்கு முன்னால், மணலில் கிடந்த சின்னச் செருப்பொன்றில் வெளிச்சம் நின்றது. அவன் வண்டியை அங்கே திருப்பினான். சக்கரம் மணலில் புதைந்துகொண்டது. ஹெட்லைட்டோடு குதித்து ஓடிய புஷ்பத்தை வயர் விண்ணென்று பிடித்து நிறுத்தியது. கிணறு இன்னும் எட்டத்தில் இருந்தது.

"இஞ்சின அமத்துங்க! பிள்ள கூப்பிடுதாளான்னு கேக்கணும்" என்று கத்தினாள்.

அது பழைய வண்டி. இஞ்சின் நின்றால் விளக்கும் நின்றுவிடும். அப்புறம் காது மட்டும்தான்; கிணற்றிலிருந்து ஒன்றும் கேட்காவிட்டால்?

"அமத்துங்களேன்!"

ஏசுவடியானின் கை சாவிக்குப் போகவில்லை. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே இருந்தான். செருப்பின் மேல் வெளிச்சம் கூடிக்கொண்டே போனது.