பொட்டு வைத்த ஜாக்கி

ஆயுத பூஜையன்று, வண்டியைத் தூக்கும் ஜாக்கிக்குச் சந்தனப் பொட்டு வைத்தவர்கள், அதை வேனுக்குள் பின்பக்கம் திரும்பப் போட்டபோது இறுக்கிக் கட்ட மறந்துவிட்டார்கள். மறுநாளே வேனில் கடகடவென்று சத்தம்.

"எல்லாம் அந்தக் கிழட்டு சைலன்சர் பண்ற வேலை. காயலான் கடையில போட்டாத்தான் நிம்மதி" என்று ஜாக்கி டயர்களிடம் சொன்னது.

"நான் இல்லப்பா" என்றது சைலன்சர். டயர்கள் நம்பவில்லை.

மெக்கானிக்கும் முதலில் சைலன்சரைத்தான் கழற்றப் போனார். எதற்கும் இருக்கட்டுமென்று பின்கதவைத் திறந்து, ஜாக்கியைக் கையால் அழுத்திக்கொண்டு வண்டியை ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

ஜாக்கிக்கு உடம்பெல்லாம் கூசியது. பழைய துணியைச் சுற்றி அதைக் கட்டிவைத்தார்கள்.

"ரொம்ப இறுக்கிட்டாங்களாப்பா, வலிக்குதா?" என்று கீழேயிருந்து சைலன்சர் கேட்டது.

பொட்டு வைத்த முகம் துணிக்குள் மறைந்திருந்ததே போதுமென்று ஜாக்கி கிடந்தது.