இந்த வயதில் அழகுமலைக்கு

அறுபதைத் தொடப்போகிற அழகுமலைக்கு இன்னொரு பிள்ளை வேண்டுமாம்!

ஊரே சிரித்தது. டீக்கடையில் அவர் தலை தெரிந்தாலே, "அண்ணனுக்கு ஒரு பாதாம் பாலு!" என்று யாராவது குரல் கொடுத்தார்கள்.

சேதியைக் கொண்டுவந்தவள் உள்ளூர்ப் பொன்னுத்தாய். புதுக்கோட்டையில் ஒரு லேபில் கூட்டிப் பெருக்குகிற வேலை அவளுக்கு. விந்துப் பரிசோதனை நோட்டில் அழகுமலையின் பெயரை, ஊர்ப் பெயரோடு, தன் கண்ணாலேயே பார்த்தாளாம்.

அழகுமலையின் மனைவி காத்தாயி மூன்று நாளாக அவருக்குச் சோறு போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளையும் மருமகனையும் வரவழைத்துப் பஞ்சாயத்தே வைத்துவிட்டாள்.

"ஏய்யா, பேரன் பேத்தி எடுக்குற வயசுல ஒனக்குப் பிள்ளை கேக்குதா? எனக்கு அம்பத்தஞ்சு ஆவுது. எவ பெத்துத் தரப் போறா? அதச் சொல்லு மொதல்ல!"

அழகுமலை முந்திரிக்கொட்டை மூட்டையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். தன் வாயைத் திறக்கவில்லை.

மகள் சிவரஞ்சனி தலையைக் குனிந்துகொண்டாள். கல்யாணமாகி நாலு வருஷம். பிள்ளை என்ற பேச்சு யார் வாயில் வந்தாலும் அவள் தலை தானாகக் குனிந்துவிடும். எடுக்காத ஸ்கேன் இல்லை, போகாத கோயில் இல்லை.

மருமகன் கோபிநாத்துக்கோ வியர்த்து ஊற்றியது. ஏனென்றால், நோட்டில் அந்தப் பெயரை எழுதியவன் அவன்தான்.

கோபிநாத் மினி பஸ் டிரைவர். பல மாதமாக நீர்க்கடுப்பு. சூடுதான் என்று நினைத்து, கால் பெருவிரலில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு வண்டி ஓட்டினான். கடைசியில் பொறுக்க முடியாமல், யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனான். பிள்ளை இல்லை என்று கேட்டதும் அவர் விந்துப் பரிசோதனைக்கும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டார்.

லேபில் பெயர் எழுதச் சொன்னபோது பேனா ஓடவில்லை. அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. திரையில் 'அழகுமலை மாமா'. கை அதையே எழுதிவிட்டது. வயது எழுதும் இடத்தைக் காலியாக விட்டான். ஒரே ஊர்ச் சம்பந்தம் என்பதால் ஊர்ப் பெயரும் பொருந்திப்போனது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் நிதானமாகத்தான் பேசினார்.

"கிருமி தாக்கி உள்ள அழற்சி இருக்கு தம்பி. சீழ் செல் நெறைய. உயிரணு கொறைஞ்சதுக்கு, ஓட்டம் இல்லாததுக்கு அதுவே காரணமா இருக்கலாம். சுண்ணாம்பு தடவுனா அது போகாது. மாத்திரைய முழுசா முடிங்க. சிகரெட்ட விடுங்க. வண்டி ஓட்டுறேன்னு மூத்திரத்த அடக்காதீங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம். இப்படி வந்து பிள்ளை பெத்தவங்க நெறையப் பேரு இருக்காங்க."

போன உயிர் திரும்பி வந்தது அன்றைக்கு. இப்போது மறுபடியும் போய்க்கொண்டிருந்தது. 'நான் லேபுக்கே போகலையே' என்று மாமனார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொன்னுத்தாய் தோண்டித் துருவிக் கண்டுபிடித்துவிடுவாள். நாளைக்கு பஸ்ஸில் ஏறுகிறவர்கள் எல்லாம் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"கல்லு மாதிரி உக்காந்திருந்தா விட்டுருவேனா? போனியா இல்லையா?" காத்தாயி விடவில்லை.

அழகுமலை கோணூசியைக் கீழே வைத்தார்.

"போனேன்டி. நாந்தான் போனேன். இப்ப என்னங்குற?"

காத்தாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிவரஞ்சனி அம்மா பின்னாலேயே ஓடினாள்.

அப்பாடா! கோபிநாத்துக்கு மூச்சு வந்தது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது. நிஜமாகவே இவரும் போயிருப்பாரோ? மாமனாருக்கு இப்படி ஓர் ஆசையா என்று உள்ளுக்குள் சிரிப்புகூட வந்தது.

"மாப்ள, இங்கிட்டு வாங்க."

அழகுமலை அவனைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"எம் பேர எழுதுனது எவன்டா, சட்டையப் பிடிச்சுக் கேப்போம்னு முந்தாநாளு லேபுக்குப் போனேன் மாப்ள. நோட்டக் காட்டுனாங்க. பேருக்குப் பக்கத்துல ஒங்க போன் நம்பரு இருந்துச்சு. பேசாம பஸ் ஏறிட்டேன்."

 சற்று முன் உள்ளுக்குள் சிரித்த சிரிப்பை நினைத்துக் கோபிநாத்துக்கு உடம்பே கூசியது.

"மாமா, மன்னிச்சுருங்க. இப்பவே போயி எல்லார்கிட்டயும் உண்மையச் சொல்லிடுறேன்."

"ஊருக்கு எதுக்கு மாப்ள அதெல்லாம்? நாலு நாளு சிரிப்பாங்க, அப்புறம் வேற ஆளு சிக்குனா அங்கிட்டுப் போயிருவாங்க. டாக்டரு என்ன சொன்னாரு? அதச் சொல்லுங்க."

"மருந்துல சரியாக வழி இருக்குன்னாரு மாமா."

அழகுமலை பெரிதாக ஒரு மூச்சு விட்டார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"அது போதும். அத மட்டும் உள்ள போயி எம் மககிட்ட சொல்லுங்க. நாலு வருசமா கொறை தன்கிட்டதான்னு நெனச்சு அழுதுக்கிட்டு இருக்கா."