மினுங்கிய செம்பு

கனடாவில் மில்லிக்கன் வீட்டை விற்கவும் தாயை அஜக்ஸிலுள்ள தன் வீட்டுக்குக் கூட்டிப்போகவும் வந்த பிரியந்தன், செத்துப்போன அப்பாவின் படத்தடியில் இருந்த அவர் ஊதின மின்சிகரெட்டான செம்பு வேப்பைக் கண்டு திடுக்கிட்டான். அது மினுங்கிய மினுங்கலில் ஊரே முகம் பார்த்துச் சவரம் செய்யலாம்.

"பக்கத்திலை இருக்கிற எவர்சில்வர் வேப்பை ஒருக்காத் துடைச்சாப் பத்து வருசத்துக்கும் காணும், மோனை. செம்பு நாலு நாளிலை கறுத்துப்போம்," என்றாள் தாய் பேபி. "அப்பா குத்துவிளக்கு மாதிரி வெள்ளிக்கு வெள்ளி புளி போட்டு மினுக்குவார். அவர் போய் ரெண்டு மாசம். இப்ப ஆர் மினுக்கிறது?"

"அம்மா, சும்மா வெருட்டாதேங்கோ!"

"அவர் இந்த வீட்டை விட்டுப் போகேல்லை. நானும் வரமாட்டன்."

அறையெங்கும் அப்பா வேப்பில் ஊதும் மாம்பழப் புகையின் வாசம். பிரியந்தனின் தலைமயிர் எழும்பிக் கூரையை முட்டியது. உடனே வீட்டு ஏஜென்டுக்குப் போன் அடித்து, "விக்கேல்லை," என்றான்.

தாய் சந்தோசத்தில் அவன் கன்னத்தைத் தடவினாள். கையில் புளி மணந்தது.

"அம்மா! நீங்கள்தானே மினுக்கினது?"

பேபி சிரித்துவிட்டாள். "ஓமடா. கழுவினனான், மணம் போகேல்லையோ? கொரோனாவோடை என்ரை மூக்குச் செத்துப்போச்சே!"

பிரியந்தனும் சிரித்தபடி ஏஜென்டுக்குத் திரும்ப அடிக்கப் போனை எடுத்தான். "வாசத்துக்கு அதை ஊதியும் விட்டிருக்கிறியள், என்ன?"

"ஊதிறதோ? அவர் செத்த அண்டைக்கே ரெண்டு வேப்பின்ரை பற்றறியையும் கழட்டி எறிஞ்சுபோட்டன். என்ன வாசம், மோனை?"

பிரியந்தன் போனை மெல்ல வைத்தான்.