வழியெல்லாம் தூசி

பல வருஷம் கழித்துப் பெட்டியோடு வாசலில் நின்ற மகனிடம் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சளி புடிச்சிருக்கா?"

"இல்லம்மா. வழியெல்லாம் ஒரே தூசி."

சின்ன வயதில் சொன்ன அதே பொய். தங்கைக்குக் கல்லீரல் மாற்றிய பிறகு அந்த வீட்டில் ஒரே சட்டம்தான்: தும்மினவன் மாடி அறைக்குப் போக வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கு நாலு நாளில் போகிற சளி, அவளை வாரக்கணக்கில் ஆஸ்பத்திரியில் போட்டுவிடும். அவனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டே தூசி என்று சாதிப்பான். அவளோடு விளையாட வேண்டுமே. அம்மாவைக்கூட ஏமாற்றிவிடலாம், அவளிடம் நடக்காது. அவன் உள்ளே காலெடுத்து வைப்பதற்குள் மாஸ்க்கை மூக்குவரை இழுத்துவிட்டுக் கண்ணாலேயே சிரிப்பாள்.

கடைசிச் சளி யாரிடமிருந்து வந்தது என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

கூடத்துச் சுவரில் அவள் படம் மாலையோடு மாட்டியிருந்தது. எல்லோரும் நலமாக இருந்த ஒரு நாளில், மாஸ்க்கை மோவாய்க்கு இறக்கிவிட்டு, பல் விழுந்த இடம் தெரியச் சிரித்தபோது அப்பா எடுத்தது.

"மாடி ரூம்ல படுக்கை போட்டிருக்கேன். காலைலயே போட்டாச்சு," என்றாள் அம்மா.

காலையில் அவன் ரயிலில் இருந்தான். தொண்டை கரகரத்ததே மதியத்துக்கு மேல்தான்.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா முகத்தால் சுவரைக் காட்டிவிட்டு, அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.

படத்தில் மாஸ்க் மூக்குவரை ஏறியிருந்தது. அதற்கு மேலே இரண்டு கண்கள், பிடிபட்டவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன.