மறு ஏலம்

முட்டையை உயர்த்திப் பிடித்தபோதுதான் அவளைப் பார்த்தான்.

பந்தலின் கடைசி வரிசை. மடியில் துணிப்பை.

கிப்சனின் அம்மா.

ஒரு வருடமாக ஞாயிறு ஆராதனைக்குக்கூடக் கோயில் பக்கம் வராதவள்.

"என்னல, முட்டையக் கையில வச்சுக்கிட்டு யோசிக்க? குஞ்சு பொரிக்கப் போறியா?" என்றார் முன்வரிசையிலிருந்து தங்கையா மாமா. பந்தல் சிரித்தது.

அவனும் சிரிக்கப் பார்த்தான்.

அறுப்புப் பண்டிகை ஏலத்தில் எந்தப் பொருளும் ஒரே தடவையில் வீட்டுக்குப் போவதில்லை. எடுத்தவர் காசைக் கொடுத்துவிட்டுப் பொருளை மேசையிலேயே திரும்ப வைப்பார். மறு ஏலம். அப்படி இந்த முட்டை ஏற்கெனவே பல கை மாறிவிட்டது.

"வாலிபர் ஐக்கிய நிதிக்கு, ஒரு தரம்."

காலையிலிருந்து இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். டூர் என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை.

போன வருடமும் டூருக்குத்தான் பணம் சேர்த்தார்கள். வீடு வீடாகப் பப்பாளி நாற்று விற்று. கடற்கரைக்குப் போனார்கள். சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸில் ஏறிய பிறகுதான், செயலாளரான அவன் தலைகளை எண்ணினான்.

ஒன்று குறைந்தது.

மறுநாள்தான் கடல் கிப்சனைக் கரையில் விட்டது.

இந்த வருடம் பணம் சேர்க்க மட்டும் அனுமதி. பஸ் பிடிப்பதற்கு இல்லை. "கிப்சனோட அம்மா ஒரு வார்த்த வருத்தமாச் சொன்னாலும் டூர் கிடையாதுப்பா" என்று போதகர் முடித்துவிட்டார். கேட்டு வர வேண்டியவன் அவன். அந்த வீட்டு வாசல் கதவு வரைக்கும் பல நாள் போனான். கொண்டியில் கை வைக்காமல் திரும்பினான்.

முட்டை ஏலம் முடிந்தது.

அவள் எழுந்தாள்.

வழிவிட்டார்கள். அவள் கடந்து வர வர, ஒவ்வொரு வரிசையாகப் பேச்சு நின்றது.

பையிலிருந்து ஒரு பப்பாளியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அடிப்பக்கம் மட்டும் மஞ்சள் ஏறிய காய்.

"விக்காம மிஞ்சின நாத்த அவன்தான் வீட்டுக்குப் பின்னால நட்டு வச்சான். மொதக் காய்."

மேசையை விட்டு நகரவில்லை.

அவன் காயைத் தூக்கினான். கனத்தது. காம்பில் கசிந்த பால் உள்ளங்கையில் ஒட்டியது.

"வாலிபர் ஐக்கிய நிதிக்கு..."

"எதுக்குன்னு சொல்லி ஏலம் போடுய்யா."

அவள் குரல் உயரவில்லை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

"டூருக்கு, சித்தி."

"எங்க?"

"கொடைக்கானல்."

"அங்க தண்ணி உண்டா?"

பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. மேசைக்குப் பின்னால் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். அதில் ஒருத்தி அவனைப் பார்த்து லேசாகத் தலையாட்டினாள். இல்லைன்னு சொல்லு.

சொல்லலாம். மலைதானே. குளிர்தானே. பாதி பேர் அங்கே போனதில்லை.

"உண்டு சித்தி. பெரிய ஏரி. படகும் விடுவாங்க."

யாரோ உச்சுக்கொட்டினார்கள். போதகர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவள் காயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் விலை கேட்கவில்லை.

எதையும் விட்டுவைக்காத தங்கையா மாமா, தன் செருப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் கேட்காத பொருளைக் கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அதுதான் வழக்கம். இந்தக் காயை, இத்தனை பேர் முன்னால், இவள் கையில்.

பப்பாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"நூறு."

அவள்தான்.

கொண்டுவந்தவர்களே கேட்கிற வழக்கம் அந்தக் கோயிலில் இல்லை. அதை எடுத்துச் சொல்ல ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"நூறு ரூவா. ஒரு தரம்."

பந்தலைச் சுற்றிப் பார்த்தான்.

"ரெண்டு தரம்."

"மூணு தரம்." வெறுங்கையால் மேசையைத் தட்டினான்.

அவள் நோட்டை மடிப்புப் பிரிக்காமல் பெட்டியில் போட்டாள். காயை வாங்கிக்கொண்டாள்.

மறு ஏலத்துக்காக அவன் கை நீட்டினான்.

அவள் தரவில்லை. பைக்குள் வைத்தாள். பையின் காதை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

டூர் அவ்வளவுதான் என்று நினைத்தான். நீட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"மறு ஏலம் வேண்டாம்" என்றாள். "இது பழுக்கட்டும். வித எடுத்து நாத்து போட்டுத் தாரேன். அடுத்த வருச டூருக்கும் நீங்க விக்கணும்லா."

போதகர் எழுந்துவிட்டார். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஆளுக்கு எத்தன நாத்துன்னு கணக்குப் பாக்கணும். எத்தன பேரு இருக்கீங்க? எண்ணிச் சொல்லு."

அவன் திரும்பினான்.

பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். முதல் ஆளின் தோளைத் தொட்டான். அடுத்த தோள். அதற்கடுத்தது. உதடு அசைய, ஒவ்வொருவராகத் தொட்டுக்கொண்டே கடைசி வரைக்கும் போனான்.

கிப்சனின் அம்மா காத்திருந்தாள்.

அவன் மறுபடியும் முதல் தோளிலிருந்து தொடங்கினான்.